லோ என்றால் குழந்தை, லா என்றால் கதவு

உள்ளறையில் நாய் குரைத்தது. ஒரே ஒரு தடவைதான். வறண்டுபோன சத்தம், தகர டப்பாவுக்குள் வாயை வைத்துக் குரைத்தாற்போல. சங்கரி பேனாவை நோட்டிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்தாள். இந்த வீட்டில் நாய் கிடையாது. இந்தக் கட்டடத்திலேயே கிடையாது, கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு பூனை உண்டு, அதுவும் சத்தம் காட்டாது. டிசம்பர் மாதம், ஆறு மணிக்கே இருட்டிப்போய் இப்போது ஏழரை, ஸ்பெயினில் இந்தச் சரகோசா ஊருக்கென்றே இருக்கிற அந்த வாடைக்காற்று பால்கனிக் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது, காற்றுதான் எதையோ உருட்டியிருக்கும் என்று மனசுக்குச் சொல்லிவிட்டு மறுபடி நோட்டைப் பார்த்தாள். வியாழக்கிழமை வகுப்புக்குப் பத்து வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருந்தாள் ஸ்பானிஷ் டீச்சர் அசூன். எல்லாம் கட்டளைகள். கட்டளைச் சொல்லின் வாலில் எனக்கு, அதை, அவளை என்பதையெல்லாம் ஒட்டி ஒரே சொல்லாக எழுத வேண்டும். தா என்பதற்கு ஸ்பானிஷிலும் தாதான், அதைக் கேட்ட அன்றைக்குத் தெரியாத ஊர் பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு, தாமெலோ, தா-எனக்கு-அதை. மே எனக்கு, லோ அதை. வினைச்சொல் நடந்துபோகும், இந்தச் சின்னச் சொற்கள் அதன் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கூடாது என்று சொன்னால் மட்டும் இறங்கி முன்னால் ஓடிவிடும், நோ மே லோ தெஸ், எனக்கு அதைத் தராதே. பாளையங்கோட்டைக் கான்வென்ட்டில் சிஸ்டர் அமலோற்பவம் கரும்பலகையில் 'சிட் டவுன்' என்று எழுதி, இதில் எழுவாய் எங்கே என்று கேட்பார். நாற்பது பேரும் ஒரே குரலில், யூ, அண்டர்ஸ்டுட் சிஸ்டர். நீ என்பது மறைந்திருக்கிறது. கட்டளையில் நீ என்பது எப்போதுமே மறைந்துதான் இருக்கும், அதனால்தானோ என்னவோ சங்கரிக்குப் பத்து வருஷம் அங்கே மறைந்து இருப்பது சுலபமாக இருந்தது, உட்கார் என்றால் உட்கார்வது, நில் என்றால் நிற்பது. போன வாரத்து வீட்டுப்பாடத்தில் நாலாவது வாக்கியத்துக்கு அசூன் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். 'ஐயா, குழந்தைக்கு உதவுங்கள்', குழந்தை பெண் குழந்தை. ஆயூதெலா என்று எழுத வேண்டும், லா, அவளை. சங்கரி ஆயூதெலோ என்று எழுதியிருந்தாள். ஏன் லோ என்று கேட்டாள் அசூன், கோபமில்லாமல். எங்கள் பாஷையில் குழந்தை அழுகிறது, குழந்தை சிரிக்கிறது, குழந்தை அவனும் இல்லை அவளும் இல்லை, அது. கதவும் அதுதான், நாற்காலியும் அதுதான். உங்கள் ஊரில் கதவும் ஜன்னலும் பெண்ணாக இருப்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை என்று சொல்ல நினைத்தாள். அத்தனைக்கு ஸ்பானிஷ் போதாமல் சிரித்துவைத்தாள். குழந்தை என்று நினைத்ததுமே அவளுக்குள் அந்த அது வந்துவிடும், அது வந்தால் லோ வந்துவிடும், கை தானாக எழுதிவிடும். இன்றைக்காவது நாலாவது வாக்கியத்தைச் சரியாக எழுத வேண்டும் என்று ஆயூ வரை எழுதியிருந்தபோது, மறுபடியும் குரைத்தது.

இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகும் கால் நாலைந்து விநாடி நகரவில்லை, நாயாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள், வெறிநாயாகக்கூட இருக்கட்டும், ஜன்னல் வழியாக ஏறி வந்திருக்கட்டும், துடைப்பத்தை எடுத்து விரட்டிவிடலாம். அறையில் அமுதினி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். பதினாலு மாதக் குழந்தை, வாயைத் திறந்தது, குரைப்பு அந்த வாயிலிருந்துதான் வந்தது. பிறகு மூச்சை உள்ளே இழுத்தது. அந்த இழுப்புத்தான் மோசம். எண்ணெய் காணாத கீல் மாதிரி ஒரு நீண்ட கிறீச், கழுத்துக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும்புகிறது, கண் இரண்டும் அம்மாவையே பார்க்கின்றன, என்னமோ பண்ணுகிறது, என்னவென்று நீ சொல்லு என்பது மாதிரி. மத்தியானம் வெறும் ஜலதோஷம்தானே, மூக்கைத் துடைத்துவிட்டோமே, ரசஞ்சாதம் ரெண்டு வாய் சாப்பிட்டதே. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கணவர் கதிரேசனுக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது, கார் தொழிற்சாலையில் சாயங்கால ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், அது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் மூன்று தடவை போட்டாள். அம்மாவுக்குப் போடலாம், சங்கரன்கோவிலில் இப்போது ராத்திரி பன்னிரண்டு, அம்மா அங்கிருந்து என்ன செய்வாள், அழுவாள். கிறீச். எங்கேயோ கேட்ட சத்தம் இது. இந்த இழுப்பை முன்னாலேயே ஹாஸ்டலில் ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறோம், ரெக்ஸலின், வேண்டாம், இப்போது அது வேண்டாம், அதை அப்புறம் நினைத்துக்கொள்ளலாம். குளிர்சாதனப் பெட்டிமேல் கதிரேசன் ஒட்டிவைத்திருந்த காகிதத்தில் மூன்று இலக்க அவசர எண் இருந்தது. கீழே அவர் கையெழுத்தில், பயப்படாமல் பேசு. பயந்துகொண்டே பேசினாள்.

தீகமே, என்றது ஒரு பெண்குரல். சொல்-எனக்கு. இந்த ஊரில் போனை எடுத்தால் எல்லாரும் சொல்வதுதான், அதுவும் ஒரு கட்டளை என்பதே இன்றைக்குத்தான் உறைத்தது. படித்த வாக்கியமெல்லாம் ஓடிப்போய்விட்டது. நாய், என்றாள் சங்கரி. குழந்தைக்கு உள்ளே நாய். பிறகு நோட்டில் பாதியில் நின்ற சொல் நாக்கில் வந்து நின்றது, ஆயூதெலோ, ஆயூதெலோ. உதவுங்கள்-அதை. குரைக்கிற மாதிரி இருமலா, பையனுக்கு எத்தனை மாதம், என்று கேட்டது குரல், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. பையன் என்றதைத் திருத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, பதினாலு என்றாள், முகவரி சொன்னாள், நாலாவது மாடி வலது கை வீடு. வண்டி கிளம்பிவிட்டது, நான் சொல்வதைச் செய்யுங்கள், என்றது குரல், நோ மே குவெல்கே. என்னை விட்டுப் போனை வைத்துவிடாதீர்கள். என்னை என்பது முன்னால் ஓடிவந்து நின்றது, ஆமாம், கூடாது என்றால் அப்படித்தான், படித்திருக்கிறேன். பிறகு கட்டளைகள் வந்தன. கோஹலோ, எடுங்கள் அவனை. எடுத்துத்தான் வைத்திருக்கிறேன். சியெந்தெலோ, உட்காரவையுங்கள். நோ லோ அகுவெஸ்தே, படுக்கவைக்காதீர்கள், லோ இறங்கி முன்னால் ஓடியது. அப்ரிகெலோ, கம்பளி போர்த்துங்கள். சாகெலோ, பால்கனிக்குக் கொண்டுபோங்கள், குளிர்ந்த காற்று தொண்டைக்கு நல்லது. இந்தக் காற்றிலா, இந்த வாடையிலா, எங்கள் ஊரில் ஜலதோஷக் குழந்தையை வாசலுக்குக்கூட எடுத்துப்போக விடமாட்டார்களே. கேட்க வார்த்தை இல்லை, அதனால் கேட்கவில்லை, சொன்னபடி செய்தாள். சொன்னபடி செய்வதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. பால்கனிக் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது காற்று. இப்போது வீட்டுக் கதவு, என்றது குரல், ஆப்ரலா, திறங்கள் அதை. தேஹெலா அபியெர்தா. விட்டுவிடுங்கள் அவளை. யாரை, என்று குழந்தையை இறுக்கிக்கொண்டாள். இல்லை. குழந்தை லோ. இந்தப் பெண்ணுக்குக் குழந்தை லோ. அப்படியானால் லா கதவு, அபியெர்தா திறந்தபடி. கதவைத் திறந்து அப்படியே விட்டுவையுங்கள், வருகிறவர்கள் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, அவ்வளவுதான். ஓடிப்போய் வாசல் கதவை அகலத் திறந்து ஒரு செருப்பை முட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி பால்கனிக்கு ஓடினாள். பாடுங்கள் அவனுக்கு, காந்தெலே, அழவிடாதீர்கள். ஒரு பாட்டும் வரவில்லை. கோவில்பாட்டு, சினிமாப்பாட்டு, கான்வென்ட் பிரேயர், எதற்கும் முதல் வரி கிடைக்கவில்லை. வந்தது கண்டக்டர் குரல்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர். மானூர் மானூர் மானூர், தேவர்குளம் இருக்கா, பனவடலிசத்திரம் எறங்கு, சங்கரன்கோயில் சங்கரன்கோயில். இழுத்து ராகம் போட்டுச் சொன்னாள். நாலாவது மாடி பால்கனியில், இருட்டில், வாடைக்காற்றில், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு. அமுதினி அழுகையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தது. கிறீச் கொஞ்சம் சின்னதாயிற்று. முய் பியென், ரொம்ப நல்லது, என்றது போன், அழகான பாட்டு.

வந்தது இரண்டு பேர், குட்டை முடி டாக்டரம்மா ஒருத்தி, தாடி வைத்த இளைஞன் ஒருவன். வந்துவிட்டார்கள் அல்லவா, என்றது போன், அதோடு அமைதியாகிவிட்டது, நன்றி சொல்லக்கூட விடாமல். டாக்டரம்மா ஒரே பார்வையில் அமுதினியைப் பார்த்தாள், காதில் கிடந்த குட்டித் தோட்டைப் பார்த்தாள், இந்த ஊரிலும் பெண் குழந்தைக்குத்தான் காது குத்துவார்கள். சங்கரியைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "பையன் எங்கே?" இளைஞன் அதற்குள் உள்ளறைக்குப் போய்விட்டான். விளக்கைப் போட்டான், கட்டிலில் போர்வையைத் தூக்கினான், குனிந்து கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தான், மூச்சு விடாத ஒரு பையன் இந்த வீட்டில் எங்கேயோ இருக்கிறான் என்று. அவன் தேடிய வேகத்தில் சங்கரிக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஐயோ இன்னொரு குழந்தை இருந்ததோ, மறந்துவிட்டோமோ. பிறகுதான் விளங்கியது. "பையன் இல்லை," என்றாள். போதவில்லை. "இவள்தான் அந்தப் பையன்." டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள், ஏளனம் இல்லாத சிரிப்பு. "ஈவான், வா. பையன் கிடைத்துவிட்டான். காதில் தோடு போட்டிருக்கிறான்." கால் கட்டைவிரலில் சிவப்பு வெளிச்சம் எரிகிற கிளிப் ஒன்றை மாட்டினார்கள், எண்ணைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஊசியில்லாத சின்னக் குழாயில் இனிப்பு மருந்து கொடுத்தார்கள், அமுதினி இன்னும் கேட்டு நாக்கை நீட்டியது. தொண்டை வீக்கம், இந்த வயதில் வருவதுதான், நாய் இருமல் என்றுதான் நாங்களும் சொல்வோம், நீங்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள், பால்கனிக்குக் கொண்டுபோனது ரொம்பச் சரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்து பார்த்துவிட்டு எழுந்தார்கள். சும்மா இருக்கும்போது அந்தச் சத்தம் மறுபடி வந்தால், யாமெனோஸ். கூப்பிடுங்கள்-எங்களை. வாசலில் செருப்பைப் பார்த்து நின்ற ஈவான், "லா சியெர்ரோ?" என்று கேட்டான், சாத்தட்டுமா அதை. லா என்றதுமே ஏனோ குழந்தையை இறுக்கிக்கொண்டு, வேண்டாம் என்றாள். தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். படிக்கட்டு விளக்கு அவர்கள் இறங்க இறங்க எரிந்து, பிறகு டக்கென்று அணைந்தது.

கதவு திறந்தே கிடந்தது. குழந்தையை மார்பில் சாய்த்து, போர்வையால் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் சங்கரி, வாசலுக்கு நேரே, படிக்கட்டிலிருந்து வருகிற குளிர் கணுக்காலைத் தொட. எழுந்து சாத்தலாம். தேஹெலா அபியெர்தா என்று சொன்ன குரல் சாத்தச் சொல்லவில்லையே, என்று பதினைந்து வயது சங்கரி உள்ளேயிருந்து சொன்னாள். முட்டாள்தனம்தான். ஆனால் திறந்து கிடக்கும்வரை யாராவது வரலாம், சாத்திவிட்டால் அந்தக் கிறீச்சுக்கும் அவளுக்கும் நடுவில் யாரும் இல்லை. இப்போது வந்தாள் ரெக்ஸலின், இவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு. டார்மிட்டரி லீடர் சங்கரி; ராத்திரி ஒன்பது மணிக்கு வராந்தாவின் கோடியிலிருந்து சிஸ்டர் அமலோற்பவம் சொல்வார், சங்கரி, போல்ட் இட். இட் என்றால் கதவு. அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்ட பிறகு காலை மணி அடிக்கும்வரை திறக்கக்கூடாது, அது சட்டம். பாத்ரூமுக்குப் போயிருந்த ரெக்ஸலின் வந்து தட்டினாள். வீசிங் உள்ள பெண். சங்கரி தாழ்ப்பாள்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள், திற என்று யாரும் சொல்லவில்லை, அந்தக் கீல் சத்தம் மரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்து இழுத்துக் கேட்டது, தட்டல் நின்றது, நின்றதுதான் தட்டலைவிடப் பயமாக இருந்தது, அப்போதுதான் திறந்தாள். சிஸ்டர் ஓடிவந்து பதினாலு வயதுப் பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி வாரி இடுப்பில் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார், முக்காடு சரிந்து நரைமுடி தெரிய. மூன்றாம் நாள் ரெக்ஸலின் திரும்பி வந்து கொய்யாப்பழத்தைக் கடித்துப் பாதியை நீட்டினாள். "ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? சொன்னா செஞ்ச. நல்லவேளை, கடைசில சொல்லாமலும் செஞ்சியே." சிஸ்டர் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உள்ள எல்லாரும் இருக்காங்களான்னு எண்ணிட்டுத்தான் தாழ்ப்பாள் போடணும். நான் சொல்லலைன்னாலும்." அதிலிருந்து தாழ்ப்பாள் என்றால் கை அந்தரத்தில் நின்றுவிடும். இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம், கதவின் மேல்தாழ்ப்பாளை அவள் தொட்டதில்லை. கதிரேசன் போட்டால், அவர் தூங்கியபின் எழுந்துவந்து எடுத்துவிடுவாள்.

அமுதினி மூச்சு விட்டது. காதை வைத்துக் கேட்டாள், வெறும் மூச்சு, கொஞ்சம் கரகரப்பு, கீல் இல்லை. ஆயூதெலோ. தப்பாகச் சொன்னதுதான் காப்பாற்றியிருக்கிறது என்று மெல்ல மெல்ல விளங்கியது அவளுக்கு. அசூன் சொன்னபடி ஆயூதெலா என்று சரியாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்குக் குழந்தையும் லா, கதவும் லா. கோஹலா, ஆப்ரலா, சாகெலா, தேஹெலா, எல்லாம் ஒரே வால். விட்டுவிடு அவளை என்றதும் இந்த மரமண்டை என்ன செய்திருக்கும், சொன்ன பேச்சைக் கேட்கிற மண்டை, குழந்தையைக் கீழே கிடத்தியிருக்குமோ. செய்திருக்காது. செய்திருக்குமோ. நினைக்கவே வேண்டாம். குழந்தையை அது என்று சொல்லிக்கொடுத்த பாஷைக்கு ஒரு கும்பிடு. சிவப்பு வட்டம் போட்ட அசூனுக்கு ஒரு கும்பிடு, அந்த வட்டம் இல்லாவிட்டால் அந்தச் சொல்லே ஞாபகத்தில் நின்றிருக்காது. கட்டிலுக்கு அடியில் இல்லாத பையனைத் தேடிய தாடிக்காரனுக்கு, மானூர் தேவர்குளத்துக் கண்டக்டருக்கு, கொய்யாப்பழத்துக்கு. அந்தக் குரலுக்கு எங்கே போய்ச் சொல்வது, பெயர்கூடத் தெரியாது, இந்நேரம் வேறு யாருக்கோ தீகமே என்று சொல்லிக்கொண்டிருக்கும். யாமெனோஸ். சின்ன வயதிலிருந்து எத்தனை கட்டளை கேட்டிருக்கிறாள், பேசாதே, சிரிக்காதே, வாசலில் நிற்காதே. எங்களைக் கூப்பிடு என்று யாரும் கட்டளை போட்டதில்லை. போட்டால் செய்யத்தானே வேண்டும். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தான் எந்த வினைச்சொல்லின் இடுப்பிலும் இல்லாமல் தரையில் நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. இன்றைக்கு யாரோ குனிந்து எடுத்து வைத்துக்கொண்டார்கள். இடையில் போன் அடித்தது, இடைவேளைக்கு லாக்கரைத் திறந்த கதிரேசன், மூன்று மிஸ்டு கால் பார்த்து மூச்சு வாங்கினார். "என்ன புள்ள, என்னாச்சு?" சொன்னாள். "சரியாயிட்டு. மெதுவா வாங்க." "மெதுவாவா? யார்ட்டயாவது வண்டி கேட்டு இந்தா வாரேன்."

படிக்கட்டு விளக்கு எரிந்தது. காலடி ஓடி வந்தது, இரண்டிரண்டு படியாக. திறந்து கிடக்கிற கதவைப் பார்த்ததும் கதிரேசன் முகம் வெளுத்துவிட்டது, உள்ளே நாற்காலியில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப நிறம் வந்தது. தொழிற்சாலைச் சட்டையோடு தரையிலேயே உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கதவ ஏன் இப்படித் தொறந்து போட்ருக்க? ஐஸா இருக்கு வீடு."

"அவ தொறந்து வைக்கச் சொன்னா."

"எவ?"

"போன்ல ஒருத்தி."

"எப்ப சொன்னா?"

"ஏழே முக்கால் இருக்கும்."

கதிரேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். சிரிக்கவும் பயந்து அவள் முகத்தைப் பார்த்தார். "அப்ப சாத்துன்னு அவ திரும்பக் கூப்பிட்டுச் சொல்லணுமா?"

"அவ ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றாள் சங்கரி. "இவளப் பிடிங்க."

குழந்தை கைமாறியது, விழிக்காமல், அவர் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு. எழுந்தபோது அவளுக்குக் கால் மரத்திருந்தது. வாசலுக்குப் போய்ச் செருப்பை எடுத்தாள். படிக்கட்டு விளக்கு டக்கென்று அணைந்தது, அந்த இருட்டில் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தாள், யாரும் தட்டவில்லை, யாரும் மூச்சிழுக்கவில்லை. கதவைச் சாத்தினாள். கை மேலே போனது, எப்போதும் போல அந்தரத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருக்கிற ஆள் ஒன்று. தோளில் தூங்குகிறது ஒன்று. தான் ஒன்று. மறுபடியும் ஒரு தடவை எண்ணினாள், சிஸ்டருக்காக.

சியெர்ரெலா, சாத்துங்கள் அதை, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், மரியாதையாக, அந்தக் குரல் சொல்லியிருந்தால் சொல்லியிருக்கக்கூடிய அதே நிதானத்தில். தாழ்ப்பாளைப் போட்டாள்.